நனையாத கம்பளி

பள்ளி விடுதியில் மேட்ரன் வேலைக்கு நேர்முகத் தேர்வு வைப்பவர்கள் பலவற்றையும் கேட்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள், பிள்ளை காணாமல் போனால் முதலில் யாரிடம் சொல்வீர்கள், பெற்றோர் சண்டைக்கு வந்தால் எப்படிப் பேசுவீர்கள் என்றெல்லாம் கேட்பார்கள். ஈரப் படுக்கையைப் பற்றி மட்டும் கேட்கமாட்டார்கள். அவர்களுக்கு அது கௌரவக் குறைவு. வேலையில் சேர்ந்த பிறகு உங்களுடைய காலைப்பொழுதில் பாதி அதற்குத்தான் போகும்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். அம்மைநோய் பரவிய வருடத்தைப் பற்றியோ, மலைப்பாதை சரிந்து அரிசி வராமல் போன வாரத்தைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவற்றுக்கெல்லாம் விதிமுறைகள் இருக்கின்றன. விதிமுறைப்படி நடந்தால் போதும், புத்திசாலித்தனம் தேவையில்லை. நான் ஒரே ஒரு படுக்கையைப் பற்றி எழுதுகிறேன்.

அந்தப் பிள்ளையின் பெயரைக் கோகிலா என்று வைத்துக்கொள்வோம். இன்று அவள் நல்ல பதவியில் இருக்கிறாள். தன் சிறுவயதுப் படுக்கை அச்சில் வருவதை அவள் விரும்பமாட்டாள்.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பள்ளி விடுதியில் சின்னப் பிள்ளைகள் டார்மிட்டரி என் பொறுப்பில் இருந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் பெண் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். பழைய கல் கட்டடம். நீண்ட கூடத்தில் இரண்டு வரிசைக் கட்டில்கள், ஒரே கதவு, கதவுக்கு வெளியே தாழ்வாரம், தாழ்வாரத்தின் கோடியில் கழிப்பறை. ஏற்காட்டுக் குளிரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி பிறந்துவிட்டால் துணி காயாது. கொடியில் போட்ட பாவாடையை மறுநாள் எடுத்தால் போட்டதைவிட ஈரமாக இருக்கும். பஞ்சு மெத்தை நனைந்தால் சமையலறைக்குப் பின்னால் வெந்நீர் அடுப்பு எரியும் கொட்டகைக்குக் கொண்டுபோய்த்தான் காயவைக்க வேண்டும். கம்பளி அதைவிட மோசம். ஒரு முறை நனைந்தால் ஒரு வாரத்துக்கு அது கம்பளி இல்லை, கறுப்பு நாய் மாதிரி நாற்றமடிக்கும் ஒரு பொருள். ஒரு பிள்ளைக்கு ஒரு கம்பளிதான். அதனால் ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக வரும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திவைத்து ஒரே ஒரு பிரசங்கம் செய்வேன். எதை வேண்டுமானாலும் தொலையுங்கள், நனையுங்கள், கிழியுங்கள். கம்பளி மட்டும் காய்ந்தே இருக்க வேண்டும். நான் சொன்னதில் பாதிகூட அவர்கள் காதில் விழாது என்பது என் எண்ணம். சிலர் காதில் முழுவதும் விழுந்துவிடும் என்பதைக் கோகிலா வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

நாகலூருக்கு அப்பால் ஒரு காபி எஸ்டேட்டில் அவளுடைய அப்பா ரைட்டர். தொழிலாளர்களின் வேலைக் கணக்கு எழுதுபவர். எஸ்டேட் பிள்ளைகளுக்கென்று எங்கள் பள்ளியில் ஒரு சலுகை இடம் உண்டு. பலர் கேட்டு அவருடைய மகளுக்குக் கிடைத்திருந்தது. எஸ்டேட்டிலும் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பஸ் வரும் நாளில் அதற்கு வாத்தியாரும் வருவார்.

ஜூனில் வந்த கோகிலா தீபாவளி வரை ஒரு நாளும் படுக்கையை நனைத்ததில்லை. அழவில்லை, சண்டை போடவில்லை, சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளை நாம் கவனிப்பதில்லை. கவனிக்கத் தேவையில்லாததால்தான் அவர்களை நல்ல பிள்ளைகள் என்கிறோம். தீபாவளி விடுமுறைக்கு வீட்டுக்குப் போனாள். வீட்டில் தம்பி பிறந்திருந்தான். விடுமுறை முடிந்து திரும்பினாள். இரண்டாம் நாள் காலை மெத்தை ஈரம். மறுநாளும் ஈரம். ஒரு நாள் விட்டு மறுபடியும் ஈரம்.

பல மாதம் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று நனைக்கத் தொடங்கினால் முதலில் உடம்பைப் பாருங்கள். மனதைப் பார்க்கத் துடிக்கிறவர்கள் எப்போதும் நிறையப் பேர் இருப்பார்கள்; அது அவர்களிடம் இருக்கட்டும். சிறுநீரில் கிருமி இருக்கிறதா, சர்க்கரை இருக்கிறதா, அளவுக்கு மீறித் தாகம் எடுக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா, மலச்சிக்கலா, பூச்சித் தொல்லையா? இந்த வரிசை உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, நான் விளக்கப்போவதில்லை. இது முடியும் வரை பிள்ளையிடம் காரணம் கேட்காதீர்கள், சாயங்காலத் தண்ணீரை நிறுத்தாதீர்கள். சர்க்கரை நோயில் தவிக்கும் பிள்ளைக்குத் தண்ணீரை நிறுத்திய புத்திசாலிகளைப் பற்றி நர்சிங் படிக்கும்போது கேள்விப்பட்டிருக்கிறேன்.

அவளை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எல்லாச் சோதனையும் சுத்தமாக வந்தது. டாக்டர் நல்லவர், அவசரக்காரர். வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கேட்டார். தம்பி பிறந்திருக்கிறான் என்றேன். பேனாவை மூடிவிட்டார். பொறாமை, தானாகச் சரியாகிவிடும் என்றார்.

நானும் அதையேதான் படித்திருந்தேன். வீட்டுக்குப் புதுக் குழந்தை வந்தால் மூத்தது படுக்கையை நனைக்கும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. பள்ளியில் எல்லோருக்கும் இந்த விளக்கம் பிடித்துப்போயிற்று. எல்லோருக்கும் பிடித்துப்போன விளக்கத்தை ஒரு நாள் வெளியே நிறுத்திவைத்துவிட்டு அப்புறம் உள்ளே விடுங்கள். இது என் சொந்த விதிமுறை, எந்தப் புத்தகத்திலும் இல்லை.

விஷயம் வெளியே தெரிந்ததும் மருத்துவர்கள் பெருகினார்கள். சமையல்காரர் எள்ளுருண்டை கொடுக்கச் சொன்னார். அதில் கெடுதல் இல்லை என்பதால் கொடுத்தோம். கோகிலா விரும்பிச் சாப்பிட்டாள். மெத்தை வழக்கம்போல் நனைந்தது. வாட்ச்மேனுக்குத் தாயத்து கட்டும் ஒருவரைத் தெரியுமாம். விளையாட்டு டீச்சர், நாலு பேர் முன்னால் ஈர மெத்தையை அவளையே தூக்கிப்போகச் சொன்னால் மறுநாளே நின்றுவிடும் என்றார். நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினால் அந்தப் பழக்கம் நிற்காது, பிள்ளை பேசுவது நின்றுவிடும் என்று அவரிடம் சொன்னேன். அதற்குப் பிறகு என்னிடம் பேசுவதை அவர் நிறுத்திக்கொண்டார். அதுவும் வசதியாகத்தான் இருந்தது.

ஆனாலும் மெத்தை தாழ்வாரம் வழியாக, சாப்பாட்டுக்கூடத்தைத் தாண்டித்தான் கொட்டகைக்குப் போக வேண்டும். காலைச் சிற்றுண்டி நேரத்தில் அத்தனை பிள்ளைகளும் பார்ப்பார்கள். யாருடையது என்று எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்க அவர்களுக்கு நேரமாகாது. அதனால் தினமும் காய்ந்த மெத்தைகள் சிலவற்றையும் சேர்த்துத் தூக்கிப்போகச் சொன்னேன். இன்று இந்த வரிசை, நாளை அந்த வரிசை. யாராவது கேட்டால் மூட்டைப்பூச்சிக்காக வெயிலில் போடுகிறோம் என்று பதில். எந்த வெயில் என்று யாரும் கேட்கவில்லை.

இந்த ஏற்பாட்டைப் பிள்ளைகள் நம்பினார்கள். தலைமையாசிரியை நம்பவில்லை. நாங்கள் பெரிய மேடம் என்று அழைக்கும் அவர் ஒரு நாள் காலை அந்த ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, வியாதி டார்மிட்டரி முழுக்கப் பரவிவிட்டது என்று முடிவு செய்துகொண்டார். உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரே பிள்ளைதான் என்றதும் அவருக்கு நிம்மதி. அந்த நிம்மதியோடு விதியை எடுத்துக் காட்டினார். படுக்கையை நனைக்காத பிள்ளைகளுக்கு மட்டுமே விடுதியில் இடம் என்று சேர்க்கை விதிகளில் இருந்தது. அவர் கொடுமைக்காரர் இல்லை. ஈரம் காயாத மாதத்தில் ஒரு பிள்ளைக்காக மற்றப் பிள்ளைகள் நனைந்த வாடையில் தூங்கக்கூடாது என்று நினைத்தார். அது தவறில்லை. எஸ்டேட் ஆபீசுக்குப் போன் போட்டு, சனிக்கிழமை வந்து மகளைக் கூட்டிப்போகும்படி சொல்லிவிட்டார்.

ரைட்டர் சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. புதன்கிழமையே வந்துவிட்டார். மெலிந்த மனிதர், காதில் மப்ளர், கையில் எஸ்டேட் ஆரஞ்சு ஒரு பை. பெரிய மேடத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க மேடம், ஊட்டுல ஒரு நாளும் பாயை நனைச்சதில்லைங்க. தம்பி மேல பொறாமையின்னு போன்ல சொன்னாங்க. இவ தொட்டிலுப் பக்கத்தை விட்டு நவுர மாட்டாளுங்க."

பொறாமைப்படும் பிள்ளைகளும் தொட்டில் பக்கத்தில் உட்காரும் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். அவர் வேறு ஏதோ சொல்ல வந்திருந்தார்.

"இவ அம்மா இன்னும் பச்சை ஒடம்புங்க. எங்கக்காதான் இப்ப ஊட்டுல இருந்து எல்லாம் பாத்துக்குது. இவ திரும்பி வந்தா, புள்ளைய ஆட்டிட்டு இருன்னு தொட்டில் கயித்தைக் கையில குடுத்துருமுங்க. அப்பறம் அந்தக் கயித்தை இவ கையில இருந்து வாங்க ஆளில்லைங்க."

சலுகை இடம் போனால் அடுத்த வருடம் வேறு பிள்ளைக்குப் போகும். அதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரியும். சனிக்கிழமை வரை நேரம் இருக்கிறது என்றேன். அது உறுதிமொழி இல்லை, நாட்காட்டியைப் பார்த்துச் சொன்னது. அவர் அதை உறுதிமொழியாக எடுத்துக்கொண்டு ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டுப் போனார்.

இந்த மாதிரி சமயத்தில் உங்களுக்கு ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும் என்று கை பரபரக்கும். சேலத்தில் பெரிய டாக்டரைப் பார்க்கலாம், ஏதாவது மருந்து கொடுக்கலாம், கட்டிலை மாற்றலாம், பரிசு தருவதாக ஆசை காட்டலாம். ஒரே நேரத்தில் நாலு காரியம் செய்தால் எது பலித்தது என்று தெரியாது. எதுவும் பலிக்காவிட்டால் நாலு காரியம் செய்தோம் என்ற திருப்தி மிஞ்சும். பெரும்பாலான அவசர நடவடிக்கைகள் இந்தத் திருப்திக்காகச் செய்யப்படுபவை.

நான் படுக்கையை எடுத்துப்போட்டேன். நர்சிங் பள்ளியில் முதல் சில மாதங்கள் படுக்கை விரிக்கவும் சுருட்டவும் மட்டுமே கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் வார்டு சிஸ்டர், நோயாளியைப் பார்க்கும் முன் அவர் படுத்திருந்த இடத்தைப் பார் என்பார். பட்டம் வாங்க வந்த எங்களுக்கு வேலைக்காரி வேலை கற்றுத் தருகிறார் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறோம். அவர் பெயரைப் போட்டால் கோபிப்பார், அதனால் விட்டுவிடுகிறேன்.

அதுவரை கோகிலாவின் படுக்கையை, இரவில் பிள்ளைகளுக்குத் துணையாக டார்மிட்டரியில் படுக்கும் ஆயாதான் எடுத்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை காலை நானே எடுத்தேன். மெத்தை ஈரம், விரிப்பு ஈரம், பாவாடை ஈரம். கம்பளி காய்ந்திருந்தது. ஓரம்கூட நனையவில்லை. முந்தைய நாட்களில் எப்படி என்று ஆயாவிடம் கேட்டேன். கம்பளி ஒரு நாளும் நனைந்ததில்லை, அதுவரைக்கும் புண்ணியம் என்றாள்.

அதை நீங்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கார்த்திகைக் குளிரில் எங்கள் டார்மிட்டரியில் எந்தப் பிள்ளையும் கம்பளியை உதைத்துத் தள்ளாது. தலையோடு இழுத்துப் போர்த்தி, உள்ளேயே சுருண்டு கிடக்கும். தூக்கத்தில் நனைக்கும் பிள்ளையின் கம்பளி நனைந்தே தீரும். இந்தக் கம்பளி நனையவில்லை என்றால் முன்னதாகவே யாரோ அதை எடுத்து ஓரமாக வைத்திருக்கிறார்கள். அந்த யாரோ தூங்கிக்கொண்டிருக்கவில்லை.

டாக்டர், பெரிய மேடம், ரைட்டர், நான் எல்லோரும் அவள் ஏன் தூக்கத்தில் நனைக்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். விழித்திருந்த பிள்ளை அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லும்? தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நாங்கள் அதை வெட்கம் என்று எழுதிக்கொண்டோம்.

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அவளை மருந்தறைக்கு அழைத்தேன். அவள் அப்பா கொடுத்த ஆரஞ்சில் ஒன்றைக் கொடுத்து, நானும் ஒன்றை உரித்தேன். கை வேலையில் இருந்தால் பிள்ளைகளுக்குப் பேச்சு கொஞ்சம் சுலபமாக வரும், பெரியவர்களுக்கும்தான். படுக்கையைப் பற்றி நான் கேட்கவில்லை.

"கம்பளியை எங்க வெப்பே கண்ணு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளில் தான் ஒழுங்காகச் செய்த ஒன்றைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

"தலமாட்டுலீங்க. மடிச்சு வெச்சுருவேன்."

"எதுக்கு?"

"நனஞ்சா ஒரு வாரத்துக்குக் காயாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க."

"கம்பளி இல்லாம குளுராதா?"

"குளுருமுங்க."

"எந்திரிச்சு பாத்ரூம் போலாமில்ல?"

"வாசல்ல ஆயா படுத்திருக்காங்க."

"ஆயாவைக் கூப்பிடறதுதானே?"

"கூப்புட்டனுங்க," என்றாள். எப்படிக் கூப்பிட்டாள் என்று செய்துகாட்டச் சொன்னேன். "ஆயா" என்றாள். ஆரஞ்சுத் தோலில் உட்கார்ந்திருந்த ஈகூட எழுந்திருக்கவில்லை.

"மத்தவங்கெல்லாம் தாண்டிப் போறாங்களே?"

ஆரஞ்சு உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். படித்தவள் பேசும் பேச்சா இது என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"படுத்திருக்கறவங்களைத் தாண்டக் கூடாதுங்க. தாண்டுனா வளர மாட்டாங்க."

"ஆயா இனிமேல் எங்க கண்ணு வளரப் போறாங்க?"

"அதானுங்க. எல்லாரும் தாண்டித் தாண்டித்தான் ஆயா இத்தனூண்டு ஆயிட்டாங்க."

எங்கள் ஆயா கரடியூர்க்காரி. நாலாம் வகுப்புப் பிள்ளைகளோடு வரிசையில் நின்றால் தனியாகத் தெரியமாட்டாள். அவள் உயரத்துக்கு இப்படி ஒரு காரணம் உண்டு என்பது அந்த நிமிடம் வரை எனக்குத் தோன்றியதில்லை.

மீதியை ஒவ்வொரு சுளையாகச் சொன்னாள். தீபாவளியன்று கூடத்தில் தம்பியைத் துணி விரித்துப் படுக்கவைத்திருந்தார்கள். வெளியே மத்தாப்பு கொளுத்துகிறார்கள் என்று ஓடினவள் அவனைத் தாண்டிவிட்டாள். அத்தை பிடித்து இழுத்து முதுகில் ஒன்று வைத்தாள். வராது வந்த பிள்ளையைத் தாண்டிவிட்டாயே, அவன் இனி வளரவே மாட்டான் என்று வீடு அதிரக் கத்தினாள். அப்புறம் வந்த வழியே திரும்பத் தாண்டவைத்தாள். திரும்பத் தாண்டினால் சரியாகிவிடுமாம்.

"தம்பி வளந்துருவானுங்களா?" என்று கேட்டாள்.

"திரும்பத் தாண்டிட்டியல்ல. வளந்துருவான்," என்றேன். இதற்கு நர்சிங் புத்தகத்தில் ஆதாரம் இல்லை. ஆனாலும் தயங்காமல் சொன்னேன். உங்களுக்கும் சில பதில்களைத் தயங்காமல் சொல்ல வேண்டியிருக்கும்.

ஆக, தம்பிதான் காரணம் என்று எங்கள் புத்தகம் சொன்னது சரி. அந்தக் காரணம் எந்த வழியாக மெத்தைக்கு வந்தது என்பதை மட்டும் அது தவறாகச் சொன்னது.

அவள் வகுப்புக்குப் போனதும் டார்மிட்டரிக்குப் போய் அவளுடைய கட்டிலில் படுத்துப் பார்த்தேன். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தலையைத் திருப்பினால் நேராகக் கதவு. கதவை ஒட்டிச் சுருட்டிவைத்த ஆயாவின் பாய். ஆயா கதவருகே படுக்க வேண்டும் என்பது பழைய உத்தரவு. எந்தப் பிள்ளை வெளியே போனாலும் அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. நல்ல உத்தரவு. ஐப்பசி மழை வரும் வரை அவள் வெளியே தாழ்வாரச் சுவரோரம் படுப்பாள். தீபாவளி விடுமுறையில் மழை வலுத்து, தாழ்வாரத்தில் சாரல் அடித்தது. பிள்ளைகள் இல்லாத அந்த நாட்களில் பாயை உள்ளே எடுத்து, வாசல்படிக்குக் குறுக்காக, சுவருக்குச் சுவர் விரித்துக்கொண்டாள்; பிள்ளைகள் திரும்பி வந்த பிறகும் அதை மாற்றவில்லை. கடமை உணர்ச்சி அதிகம் உள்ளவள். அவளைத் தாண்டாமல் ஒரு பூனைகூட வெளியே போக முடியாது. துணிச்சலான பிள்ளைகள் குதித்துப் போனார்கள். தூக்கக்காரப் பிள்ளைகள் விடியும் வரை எழுந்திருக்கவே இல்லை. இரண்டிலும் சேராத ஒருத்தி கம்பளியை மடித்துவைத்துவிட்டு, அடக்க முடியும் வரை அடக்கிக்கொண்டு குளிரில் கிடந்தாள்.

ஆயாவிடம் சொன்னேன். முதலில் அவளுக்கு மனது நொந்தது. "அட சாமி, ஒரு ஒதை உட்டிருந்தாலும் எந்திரிச்சிருப்பனே. நானென்ன அந்தப் புள்ளையத் திங்கவா போறேன்?" என்றாள். உயர விஷயத்தைச் சொன்னதும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து சிரித்தாள். "எங்கம்மா என்னையுங்காட்டி குட்டைங்க. அதை ஆரு தாண்டுனாங்களோ."

சிகிச்சை என்று பார்த்தால், பாயை ஒரு முழம் நகர்த்தினோம். குறுக்கே கிடந்தது சுவரோரம் நீளவாக்கில் போயிற்று. கதவுக்கு ஒரு ஆள் போகும் வழி கிடைத்தது. யார் போனாலும் ஆயாவின் கையைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாகச் சொன்னேன். கோகிலாவின் பெயரை எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை மெத்தை காய்ந்திருந்தது.

பெரிய மேடத்திடம் போய்ச் சொன்னேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, ஒரு நாள் காய்ந்ததை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்றார். அவர் கணித ஆசிரியை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன். ரைட்டர் மறுநாள் வருவார், பிள்ளை போகட்டும், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருடம் தொட்டில் கயிறு அவள் கையில் இருக்கும் என்றேன். சனிக்கிழமை காலையும் மெத்தை காய்ந்திருந்தது. இரண்டு நாளும் நிரூபணம் இல்லை.

சனிக்கிழமை மதியம் ரைட்டர் வந்தார். கோகிலாவின் தகரப் பெட்டியை ஆயா முன்னதாகவே அடுக்கித் தாழ்வாரத்தில் வைத்திருந்தாள். பெரிய மேடமும் நானும் ரைட்டரை அழைத்துக்கொண்டு டார்மிட்டரிப் பக்கம் போனோம். தாழ்வாரத்துக்குத் திரும்பியதும் மூவரும் நின்றுவிட்டோம்.

டார்மிட்டரி வாசலுக்குக் குறுக்கே பாய் விரித்து ஆயா மல்லாந்து படுத்திருந்தாள். பிள்ளைகள் வரிசையாக நின்று, ஒவ்வொருத்தியாக அவளை உள்ளிருந்து வெளியே தாண்டாமல், வெளியிலிருந்து உள்ளே தாண்டிக்கொண்டிருந்தார்கள். பாயின் தலைமாட்டில் நின்று அதை மேற்பார்வை பார்த்தவள் கோகிலா. யார் யார் தாண்டியவர்கள் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் தூங்கியபோது விழித்துக் கிடந்து பார்த்தவள் அவள்தானே. தான் ஊருக்குப் போவதற்கு முன் ஆயாவைச் சரிசெய்துவிட வேண்டும் என்று கேட்டாளாம். இரவில் போய் வரும்போது தாண்டியது கணக்கில் சேராதாம், சரிசெய்ய என்று நினைத்துத் தாண்டினால்தான் சேருமாம். ஆயாவும் மறுப்புச் சொல்லாமல் படுத்துவிட்டாள்.

"பாவாடை தட்டுது, தூக்கித் தாண்டுங்க சாமி," என்று ஆயா படுத்தபடியே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன?" என்று பெரிய மேடம் என்னைக் கேட்டார்.

விளக்கினேன். திரும்பத் தாண்டினால் தாண்டியது இல்லை என்றாகிவிடும், கழித்தல் கணக்கு மாதிரி என்றேன். ரைட்டர் சுவரைப் பார்த்து நின்றார். மகளைத் தம்பிக்கு மேல் திரும்பத் தாண்டவைத்தபோது அவரும் வீட்டில் இருந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

வரிசை முடிந்தது. ஆயா எழுந்திருக்கக் கையை ஊன்றினாள்.

"ஆயா, இருங்க," என்றாள் கோகிலா. பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். அவளுக்குப் பயம்தான், குரல் அந்த ஈயை எழுப்பாத குரல்தான். ஆனால் தாழ்வாரத்தில் அப்போது யாரும் பேசவில்லை, எல்லோருக்கும் கேட்டது. "பெரிய மேடமும் தாண்டுனாங்க."

பெரிய மேடம் விளக்கணைத்த பிறகு தினமும் ஒரு முறை எல்லா டார்மிட்டரியையும் சுற்றிப் பார்ப்பார். சத்தம் போடாமல் வந்து, சத்தம் போடாமல் போவார். பிள்ளைகள் யாரும் அதைப் பார்த்ததில்லை என்று அவர் நினைத்திருந்தார்.

அவர் என்னைப் பார்த்தார். என்னிடம் இதற்கு விதிமுறை எதுவும் இல்லை. ஆயா படுத்தபடியே, "ஏனுங்க, பரவாயில்லைங்க, நீங்க தாண்டுனதுல எனக்கொண்ணும் ஆவல," என்றாள். பெரிய மேடம் செருப்பைக் கழற்றினார். புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெளியிலிருந்து உள்ளே, ஆயாவைத் தாண்டினார். தாண்டிவிட்டு டார்மிட்டரிக்குள் நின்று, கோகிலாவின் கட்டிலையும் கதவையும் சுவரோரம் பாய் கிடக்க வேண்டிய இடத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

ஆயா பாயோடு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து வழிவிட்டாள். வெளியே வரும்போது அவர் ரைட்டரிடம் சொன்னது இவ்வளவுதான். "நாகலூர் பஸ் போயிடப் போகுது. பெட்டியைத் தூக்கிட்டு நிக்க வேண்டாம், நீங்க மட்டும் கிளம்புங்க."

ரைட்டர் கும்பிட்டார், யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் எங்கள் எல்லோருக்கும் பொதுவாக. பாயில் உட்கார்ந்திருந்த ஆயாவுக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது. பெட்டியை ஆயாவே திரும்ப உள்ளே இழுத்துப்போனாள்.

அதற்குப் பிறகு கோகிலா அந்த விடுதியில்தான் பள்ளிப் படிப்பை முடித்தாள். ஒவ்வொரு விடுமுறைக்கும் போய்த் திரும்பும்போது ஆயாவைச் சுவரோடு நிற்கவைத்துப் பார்ப்பாள். கொஞ்சம் வளர்ந்திருக்கிறேன் கண்ணு என்று ஆயா ஒவ்வொரு முறையும் சொல்வாள்.

நீங்கள் பொறுப்பேற்கும் முதல் நாள், சேர்க்கை விதிகளைப் படிப்பதற்கு முன், சின்னப் பிள்ளையின் கட்டில் ஒன்றில் படுத்துக் கதவைப் பாருங்கள். என்ன தெரிகிறது என்று பாருங்கள். அவ்வளவுதான் நான் சொல்லக்கூடியது. மற்றதெல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. அந்தத் தை மாதம் கோகிலாவின் படுக்கை இன்னொரு முறை நனைந்தது. ஆயா பதறிப்போய் என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். மெத்தை ஈரம், விரிப்பு ஈரம். கம்பளியைத் தூக்கினேன், அதுவும் ஈரம். அதற்குள்ளே சுருண்டு கோகிலா தூங்கிக்கொண்டிருந்தாள். மெத்தையை மற்ற மெத்தைகளோடு கொட்டகைக்கு அனுப்பிவிட்டு நான் காபி குடிக்கப் போனேன்.